தில்லியில் ஒரு குளிர்காலப் பகல்

தில்லி என்றதும் நம் இல்லங்களில் பலருக்கும் செங்கோட்டையும் ஜாமிஆ மஸ்ஜிதும் குத்பு மினாரும் நினைவுக்கு வரும். அவற்றோடு சில மன்னர்களின் பெயர்களும் வரும். பள்ளிப் பாடநூல்கள் நமக்குப் பழக்கிய தில்லி அது. ஆண்கள் படையெடுத்து, ஆண்கள் முடிசூடி, ஆண்கள் கட்டி, ஆண்களே இடித்த நகரம். வரலாற்றில் இளங்கலைப் பட்டம் பெற்றவன் என்ற முறையிலும், இருபது ஆண்டுகளாக மத்ரஸாவில் ஓதிக் கொடுத்து வருபவன் என்ற முறையிலும் அந்தத் தில்லியை நான் ஏட்டில் அறிவேன். சென்ற குளிர்காலத்தில் ஒரு பகல் முழுவதும் அதன் பழைய வீதிகளில் நடந்து திரிந்தபோது, ஏடுகள் சில வரிகளில் கடந்துவிடும் இன்னொரு தில்லியைக் காணும் வாய்ப்புக் கிட்டியது. அதைச் சமுதாயத்துத் தாய்மார்களோடும் தந்தையரோடும் பகிர்ந்துகொள்வது என் கடமை எனக் கருதுகிறேன்.

மகள் வைத்த கோரிக்கை

நாங்கள் தில்லிக்குச் சென்றது வெறும் உல்லாசத்திற்காக அன்று. என் மகள் எங்கள் பகுதியிலுள்ள மகளிர் கல்லூரியில் வரலாற்றுப் பிரிவில் இறுதியாண்டு பயில்கிறாள். முதுகலையைத் தில்லியிலுள்ள ஜாமிஆ மில்லிய்யா இஸ்லாமிய்யாவில் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. 1920இல் அலிகாரில் தோன்றி, 1925இல் தில்லிக்கு இடம் பெயர்ந்த பல்கலைக்கழகம் அது. அதே வேளையில் என் அண்ணன், அதாவது அவளுடைய பெரியத்தா, நல்ல குடும்பத்துச் சம்பந்தம் ஒன்றைக் கொண்டு வந்திருந்தார்.

"தம்பி, பெண்பிள்ளைக்கு ஒரு பட்டம் போதாதா? கண்காணாத ஊரில் கொண்டுபோய் விட்டுவிட்டு நீ இங்கே எப்படி நிம்மதியாகத் தூங்குவாய்?" என்று அவர் கேட்டார். அக்கேள்வியில் அன்பு இருந்ததேயன்றி அதிகாரம் இருக்கவில்லை. ஆகையால் அதைத் தட்டிக் கழிக்க எனக்கு மனம் வரவில்லை. மகளின் ஆசையையும் தட்டிக் கழிக்க இயலவில்லை. ஊரை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்று சொல்லி, அரையாண்டு விடுமுறையில் மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறினேன்.

தங்குவதற்கு தரியாகஞ்ச் பகுதியில் அறை எடுத்தோம். மறுநாளைக்கு ஒரு திட்டம் வைத்திருப்பதாக மகள் சொன்னாள். "அத்தா, நாளைக்கு நாம் மன்னர்களைத் தேடிப் போக வேண்டாம். பெண்கள் கட்டியதையும் பெண்கள் அடங்கியிருப்பதையும் மட்டும் பார்ப்போம். முடிந்தவரை நடந்தே போவோம்" என்றாள். அவள் குறிப்பேட்டில் இடங்களின் பட்டியலும், கையால் வரைந்த வரைபடம் ஒன்றும் இருந்தன.

பனியில் எழுந்த பள்ளி

சுபுஹுத் தொழுகைக்கு நான் அருகிலிருந்த ஸீனத்துல் மஸாஜித் பள்ளிவாசலுக்குச் சென்றேன். மூடுபனியில் பத்தடித் தொலைவில் நடப்பவர் நிழலாகவே தெரிந்தார். எங்கள் ஊர் மார்கழிப் பனிக்கே கழுத்தில் துண்டு சுற்றிக்கொள்ளும் எனக்கு, உளூச் செய்த தண்ணீர் விரல்களை மரக்கச் செய்துவிட்டது. வெளிச்சம் வந்தபின் மனைவியையும் மகளையும் அழைத்து வந்தேன். பனித்திரைக்குள்ளிருந்து மூன்று குவிமாடங்கள் மெல்ல மெல்ல வெளிப்பட்டன. வெண்பளிங்கில் கருங்கோடுகள் ஓடும் குவிமாடங்கள் அவை.

இதைக் கட்டியவர் ஔரங்கஸீப் ஆலம்கீரின் மகள் ஸீனத்துன்னிஸா பேகம். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த இப்பள்ளியின் வளாகத்திலேயே அவருடைய அடக்கத்தலமும் இருந்தது. 1857 கிளர்ச்சியை ஒடுக்கிய ஆங்கிலேயர் இப்பள்ளியைக் கைப்பற்றி, ரொட்டி சுடும் இடமாக ஆக்கினர். அம்மையாரின் கப்ரும் இடம் தப்பவில்லை. ஆயினும் இன்று அங்கே ஐவேளையும் பாங்கொலி கேட்கிறது. பள்ளியின் பெயரில் கட்டியவரின் பெயரும் கூடவே ஒலிக்கிறது.

கூரையில்லா அடக்கத்தலம்

அங்கிருந்து மேற்கே நடந்து துர்க்மான் வாயிலை அடைந்தோம். தெருவோரங்களில் மரத்துண்டுகளைக் கொளுத்திச் சுற்றிலும் மனிதர்கள் குந்தியிருந்தனர். மண்குவளையில் சூடான தேநீர் வாங்கி, குடிப்பதற்கு முன் கைகளைக் காய்ச்சிக்கொண்டோம். பின்னர் புல்புலிகானா என்னும் குறுகிய சந்துகளுக்குள் நுழைந்தோம். இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்துகள். ஈரத்துணி காயும் மாடிகளுக்கு நடுவே திடீரென ஒரு சிறு திறந்தவெளி. அதில் இரண்டு கப்ருகள். மேலே கூரை கிடையாது. ஒன்று ரஸிய்யா சுல்தானாவுடையது என்றும், மற்றது அவர் சகோதரியுடையது என்றும் கூறப்படுகிறது. ரஸிய்யாவின் அடக்கத்தலம் வேறிடத்தில் உள்ளதென உரிமை கொண்டாடும் ஊர்களும் உண்டு.

சுல்தான் இல்துத்மிஷ் தம் புதல்வர்களை விடுத்து மகளையே வாரிசாகத் தேர்ந்தவர். 1236 முதல் 1240 வரை தில்லியை ஆண்ட அம்மகளைப் பற்றி அக்காலத்து வரலாற்றாசிரியர் மின்ஹாஜுஸ் ஸிராஜ் எழுதியிருக்கிறார். ஓர் அரசருக்கு வேண்டிய நற்பண்புகள் அனைத்தும் அவரிடம் இருந்தன என்று வரிசைப்படுத்திவிட்டு, ஆணாகப் பிறக்காதபோது அவற்றால் என்ன பயன் என்ற கருத்தையும் சேர்த்து எழுதினார். அந்த மின்ஹாஜே ரஸிய்யாவின் ஆட்சிக் காலத்தில் தில்லியின் நாஸிரிய்யா மத்ரஸாவுக்குப் பொறுப்பாளராக இருந்தவர். மத்ரஸா ஆசிரியனாகிய நான் அந்தக் கப்ருக்கு முன் நின்று அதை எண்ணிப் பார்த்தேன். தகுதியை ஒப்புக்கொள்ளும் பேனாவே தயக்கத்தையும் எழுதி வைக்கிறது. எண்ணூறு ஆண்டுகள் ஆகியும் நம் வீட்டுத் திண்ணைகளில் ஏறத்தாழ அதே சொற்கள்தாம் கேட்கின்றன: "பிள்ளை நன்றாகத்தான் படிக்கிறாள், ஆனால் பெண்ணாயிற்றே!"

நிலவு முற்றம்

மட்டியா மஹல் வழியாக ஜாமிஆ மஸ்ஜிதை அடைந்தபோது பனி விலகத் தொடங்கியிருந்தது. தெற்கு வாயிலின் 33 படிகளையும் ஏறினோம். ஷாஜஹான் 1650இல் தொடங்கி 1656இல் முடித்த பள்ளி இது. ஏறத்தாழ 25,000 பேர் தொழத்தக்க முற்றத்தில் இளவெயில் மஞ்சள் பாயாக விரிந்திருந்தது. ஓரமாகச் சில பெண்கள் தொழுதுகொண்டிருந்தனர். என் மனைவியும் மகளும் அங்கே ளுஹாத் தொழுதனர். ஊரில் பள்ளிவாசலின் உட்புறத்தையே பாராத என் மனைவி, ஸலாம் கொடுத்தபின் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. கீழே குளிர்ந்த கல். அதை அவர் உணர்ந்ததாகத் தெரியவில்லை.

தரீபா வீதியைக் கடந்து சாந்தினி சௌக்கிற்குள் நுழைந்தோம். செங்கோட்டையிலிருந்து ஃபதேபுரிப் பள்ளி வரை சற்றொப்ப ஒன்றேகால் கிலோமீட்டர் நீளும் இவ்வீதியைச் சீரமைத்து 2021இல் திறந்தபோது, பகல் நேரத்தில் மோட்டார் வாகனங்களுக்குத் தடை விதித்தனர். அதனால் மிதிவண்டி ரிக்‌ஷாக்களுக்கு வழிவிட்டு நடுவீதியிலேயே நடக்க முடிந்தது. குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கும் 'தௌலத் கீ சாட்' என்னும் பால்நுரை இனிப்பை ஒருவர் தட்டில் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். நாவில் வைத்ததும் கரைந்து, குங்குமப்பூ மணம் மட்டும் எஞ்சியது.

வீதி நடுவே, பழைய நகர்மண்டபக் கட்டடத்திற்கு எதிரில் மகள் நின்றாள். "அத்தா, சாந்தினி சௌக் இதுதான்" என்றாள். விளங்கவில்லை என்றேன். அவள் விளக்கினாள். சாந்தினி சௌக் என்பது முதலில் முழு வீதியின் பெயரன்று. நடுவில் குளம் ஒன்றைக் கொண்டிருந்த ஒரு சதுக்கத்தின் பெயர். நிலவொளி முற்றம் என்பது அதன் பொருள். அதை 1650ஆம் ஆண்டு அளவில் அமைத்தவர் ஷாஜஹானின் மூத்த மகள் ஜஹானாரா பேகம். சதுக்கத்தின் ஒருபுறம் தொலைதூர வணிகர்கள் தங்க ஒரு பெரும் ஸராயையும், அதையொட்டித் தோட்டத்தையும் உண்டாக்கினார். பிரெஞ்சுப் பயணி பெர்னியர் அந்த ஸராயைக் கண்டு வியந்து, இத்தகையது பாரிஸ் நகரிலும் இருந்தால் எவ்வளவு நலம் என்ற கருத்தில் எழுதினார். 1857க்குப் பின் ஸராய் இடிக்கப்பட்டது. அவ்விடத்தில்தான் நாங்கள் பார்த்த நகர்மண்டபம் எழுந்தது. குளம் இருந்த இடத்தில் மணிக்கூண்டு ஒன்று வந்தது. இன்று அதுவும் இல்லை. ஆனால் சதுக்கத்துக்கு வந்த பெயர் வீதி முழுவதற்கும் பரவி, உலகறிந்த பெயராகிவிட்டது.

வீதியின் மேற்குக் கோடியில் ஃபதேபுரிப் பள்ளியில் லுஹர் தொழுதேன். 1650இல் ஷாஜஹானின் துணைவியருள் ஒருவர் கட்டியது. அந்த அம்மையாரை உலகம் ஃபதேபுரி பேகம் என்றே அறியும். அவர் ஊர் ஃபதேபூர். பிறந்த ஊரின் பெயரே அவருக்கு அடையாளமாகி நிலைத்துவிட்டது. 1857க்குப் பின் ஆங்கிலேயர் இப்பள்ளியை ஏலத்தில் விட்டனர். வாங்கியவர் லாலா சுன்னாமல் என்னும் இந்து வணிகர். அவர் அதை இடிக்காமல் காத்தார். 1877இல் அது மீண்டும் முஸ்லிம்களின் கைக்கு வந்தது. இன்று அதன் வளாகத்தில் மத்ரஸா நடைபெறுகிறது. கம்பளிக் குல்லாய் அணிந்த சிறுவர்கள் வெயில் விழும் இடமாகப் பார்த்து அமர்ந்து, உடலை அசைத்தசைத்து ஓதிக்கொண்டிருந்தனர். நம் ஊர்ப் பிள்ளைகள் ஓதும் அதே அசைவு, அதே ராகம்.

இல்லாத பள்ளிவாசல்

வந்த வழியே திரும்பிச் செங்கோட்டையை அடைந்தோம். 1639இல் தொடங்கி 1648இல் நிறைவெய்திய கோட்டையை வெளியிலிருந்தே பார்த்துவிட்டுத் தெற்கே நடந்தோம். வழியில் கரியடுப்பில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கில் எலுமிச்சை பிழிந்து தந்தார்கள். அதுவே எங்கள் பகலுணவாயிற்று. மனைவியின் கால்கள் சோர்ந்திருந்தன. ஜாமிஆ மஸ்ஜிதுக்குக் கிழக்கேயுள்ள சுபாஷ் பூங்காவின் அருகே வந்ததும், "இதுதான் அடுத்த இடம்" என்றாள் மகள். அங்கே பார்ப்பதற்கு எதுவும் இல்லை.

இந்தப் பகுதியில்தான் அக்பராபாதிப் பள்ளிவாசல் இருந்தது. ஷாஜஹானின் இன்னொரு துணைவியார் அக்பராபாதி பேகம் 1650இல் கட்டியது. கோட்டைக்கும் ஜாமிஆ மஸ்ஜிதுக்கும் இடையே பீரங்கிக்குத் தடையாக எதுவும் நிற்கலாகாது என்று, 1857க்குப் பின் ஆங்கிலேயர் இங்கிருந்த கட்டடங்களைத் தரைமட்டமாக்கியபோது அப்பள்ளியும் போயிற்று. 2012இல் மெட்ரோ ரயில் பணிக்காகத் தோண்டியபோது மண்ணுக்கடியில் பழைய சுவர்கள் தென்பட்டன. அவை இப்பள்ளியின் எச்சங்களாகக் கருதப்பட்டன.

அன்று நான் பார்த்த இடங்களிலெல்லாம் என்னை அதிகமாக அசைத்தது ஒன்றுமில்லாத இந்த இடந்தான். காரணத்தைச் சொல்கிறேன். ஷாஹ் வலிய்யுல்லாஹ் (ரஹ்) அவர்களின் புதல்வர் ஷாஹ் அப்துல் காதிர் (ரஹ்) அவர்கள் வாழ்நாளின் பெரும் பகுதியைக் கழித்தது இப்பள்ளியில்தான். திருக்குர்ஆனை மக்கள் பேசும் இயல்பான உர்தூவில் மொழிபெயர்த்து 1790இல் அவர்கள் முடித்தார்கள். தந்தையார் பாரசீகத்தில் மொழிபெயர்த்திருந்தார். பாரசீகம் கற்றோரின் மொழி. மகனாரின் உர்தூவோ அடுக்களை வரை சென்றது. இந்தியத் துணைக்கண்டத்தில் பிற்காலத்தில் வந்த உர்தூ மொழிபெயர்ப்புகள் பலவும் இதற்குக் கடன்பட்டவை. நான் ஓதிய காலத்தில் எங்கள் உஸ்தாதுமார்கள் உர்தூத் தர்ஜுமாவைப் பார்த்துக்கொண்டுதான் எங்களுக்குத் தமிழில் விளக்கம் சொல்வார்கள். இருபதாம் நூற்றாண்டில் மௌலானா ஆ.கா. அப்துல் ஹமீது பாகவி (ரஹ்) போன்றோரின் உழைப்பால் தமிழிலேயே முழுத் தர்ஜுமா நம் தாய்மார்களின் கைக்கு வந்தது. தாய்மொழியில் வேதத்தின் பொருளை அறியும் அந்த நெடும் பாதையில், ஒரு பெண்மணி கட்டிய பள்ளிவாசலின் நிழலும் விழுந்திருக்கிறது.

மகள் கேட்டாள்: "அத்தா, இந்தப் பள்ளியைக் கட்டினவங்களுக்கு, இங்கே உட்கார்ந்து ஒருத்தர் இவ்வளவு பெரிய காரியம் செய்வார்னு தெரிஞ்சிருக்குமா?"

கட்டியதற்கும் மொழிபெயர்ப்பு முடிந்ததற்கும் இடையே 140 ஆண்டுகள். தெரிந்திருக்க வழியில்லை. கட்டடம் போய்விட்டது. கட்டியவரின் வாழ்வைப் பற்றி நமக்குக் கிடைப்பது சில வரிகளே. ஆனால் அங்கே விளைந்த கல்வி மட்டும் இன்னும் வீடுதோறும் ரெஹாலில் விரிகிறது. ஸதகத்துல் ஜாரியா, அதாவது நிலையான தர்மம் என்பதை எத்தனையோ முறை வகுப்பில் விளக்கியிருக்கிறேன். இனி விளக்கும்போது எனக்கு இந்தப் பூங்கா நினைவுக்கு வரும்.

புல் போர்த்திய கப்ரு

அஸருக்குப் பின் ஓர் ஆட்டோவில் ஏறி நிஜாமுத்தீன் பகுதிக்குச் சென்றோம். அன்று நாங்கள் நடக்காத தொலைவு அது ஒன்றே. பூக்கடைகளும் ரொட்டிக் கடைகளும் நெருங்கிய சந்துகளைக் கடந்து, ஹஜ்ரத் நிஜாமுத்தீன் அவுலியா (ரஹ்) அவர்களின் அடக்கத்தல வளாகத்தை அடைந்தோம். அதன் தென்புறத்தில் பளிங்குச் சாளரங்கள் சூழ்ந்த ஒரு சிறு அடைப்பு. அதற்கும் கூரை இல்லை. உள்ளே இருப்பவர் காலையில் நாங்கள் கடந்து வந்த நிலவு முற்றத்தை அமைத்த ஜஹானாரா பேகம். 1614இல் பிறந்து 1681இல் மறைந்தவர். தம் கப்ரின் மீது புல்லே போர்வையாக இருக்கட்டும் என்ற பொருளில் அவரே இயற்றிய பாரசீக வரிகள் தலைமாட்டுக் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன.

பதினேழு வயதில் தாய் மும்தாஜை இழந்து, பேரரசின் முதல் பெண்மணியாகப் பொறுப்பேற்றவர் அவர். சூரத் துறைமுகத்தின் வருவாய் அவருக்கு உரியதாக இருந்தது. சொந்தக் கப்பலும் இருந்தது. ஆண்டுதோறும் அதில் அரிசி அனுப்பி மக்காவின் ஏழைகளுக்கு வழங்க ஏற்பாடு செய்தார். ஹஜ்ரத் முயீனுத்தீன் சிஷ்தி (ரஹ்) அவர்களின் வாழ்க்கை வரலாற்றை 'மூனிஸுல் அர்வாஹ்' என்ற பெயரில் பாரசீகத்தில் எழுதினார். இவற்றையெல்லாம் மகள் சொல்லிக்கொண்டிருக்க, பகல் முழுவதும் அதிகம் பேசாமல் வந்த என் மனைவி சாளரத்தின் வழியே உள்ளே பார்த்தபடி என்னிடம் கேட்டார்: "ஏங்க, இவங்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தது யாரு?"

மகளே விடை கூறினாள். ஸத்தியுன்னிஸா கானம் என்னும் பாரசீகப் பெண்மணி. திருக்குர்ஆனை ஓதுவதிலும் இலக்கியத்திலும் தேர்ந்தவர். அரண்மனைக்குள் இளவரசிக்கு ஆசிரியையாக அமர்ந்தவர் அவர்தாம்.

"அப்படியா! சொல்லிக் கொடுத்ததும் ஒரு பெண்தானா?" என்றார் மனைவி. எட்டாம் வகுப்போடு பள்ளி நிறுத்தப்பட்டவர் அவர். சற்று நேரம் சென்று, "நம்ம மத்ரஸாவில் வயதுக்கு வந்த பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கப் பெண் உஸ்தாது இல்லை என்று வருஷா வருஷம் நீங்களும்தானே சொல்கிறீர்கள். படித்தால்தானே வருவார்கள்?" என்றார்.

மக்ரிபு பாங்கு ஒலித்தது. பனி மீண்டும் இறங்கத் தொடங்கியிருந்தது.

மறுநாள் ஜாமிஆ மில்லிய்யாவின் வளாகத்தையும் மாணவியர் விடுதியையும் விசாரித்து அறிந்தோம். அப்பல்கலைக்கழகத்தின் முதல் பெண் துணைவேந்தராகப் பேராசிரியர் நஜ்மா அக்தர் 2019 முதல் 2023 வரை பொறுப்பு வகித்தார் என்ற செய்தியை, ஊர் திரும்பியதும் அண்ணனிடம் சொன்னேன். அவர் உடனே தலையசைத்துவிடவில்லை. யார் கொண்டுபோய் விடுவது, விடுமுறைக்கு எப்படி வருவாள், நோன்புக் காலத்தில் ஸஹருக்கு என்ன செய்வாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். "வேண்டாம்" என்பதற்கும் இக்கேள்விகளுக்கும் எவ்வளவோ தூரம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் மகளே விடை சொன்னாள். சம்பந்தம் பேச வந்த வீட்டாரிடம் உண்மையைச் சொல்லிவிட்டோம். காத்திருப்பதும் இல்லாததும் அவர்கள் விருப்பம். விண்ணப்பத்திற்கு வேண்டிய சான்றிதழ்களை மகள் சேகரித்து வருகிறாள்.

அன்பார்ந்த பெற்றோர்களே! தமிழகத்திலும் நமக்கு முன்மாதிரிகள் இல்லாமலில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட நேர்ந்த நாகூர் சித்தி ஜுனைதா பேகம் அவர்கள், 1938இல் 'காதலா கடமையா' என்னும் நாவலை வெளியிட்டார்கள். மூன்று வகுப்புக்கே அத்தனை விளைச்சல் என்றால், தொடர்ந்து படித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். எல்லாப் பெண்மக்களும் தில்லிக்குச் செல்ல வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பொருளாதாரம், உடல்நலம், சூழ்நிலை ஆகியவை வீட்டுக்கு வீடு வேறுபடும். ஆனால் "போதும்" என்ற சொல்லைச் சொல்லுமுன், அந்தப் பிள்ளை என்ன கேட்கிறாள் என்பதை அமர்ந்து கேளுங்கள். முடிந்தால் அவளோடு ஒரு நாள் நடந்து பாருங்கள்.

ஷாஜஹானாபாத்தின் பேகம்களிடம் பெரும் செல்வம் இருந்தது, கட்டினார்கள். நம்மில் பலரிடம் அது இல்லை. ஆனால் ஸத்தியுன்னிஸா கானம் இளவரசிக்குக் கொடுத்தது கல்வியை. அதை நம் மகள்கள் பெறவும், பெற்றதைப் பிறருக்குக் கொடுக்கவும் வழிவிடுவது நம் சக்திக்கு உட்பட்டதே. அதற்கான மனவிரிவை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.